எழுத்தெல்லாம் தெரிகிறது, சேர்த்துப் படிக்க மட்டும் வரவில்லை. 6 வயதுப் பையன், என்ன செய்யலாம்?

பாலக்கோடு அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான், பாலக்கோடு பக்கம் ஒரு தனியார் பள்ளி, ஆங்கில வழி. 6 வயது முடிந்து நான்கு மாதம் ஆகிறது. அ முதல் ஃ வரை, அப்புறம் க கா கி கீ என்று எந்த வரிசையைக் கேட்டாலும் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். எழுதச் சொன்னாலும் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'படம்' என்று எழுதிக் காட்டினால் ப... ட... இம்... என்று ஒவ்வொன்றாகச் சரியாகச் சொல்லிவிட்டு, கடைசியில் "பந்து" என்கிறான். 'கொய்யா' என்று எழுதினால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுகிறான், கெ-வா கா-வா என்று என் முகத்தைப் பார்க்கிறான்.

பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை அரசுப் பள்ளியில் படிக்கிறாள், அவளுக்கும் இதே வயதுதான், கடை போர்டை எல்லாம் படித்துக்கொண்டே போகிறாள். அதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பள்ளியில் கேட்டால் "எழுத்து முடித்துவிட்டோம், வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். வீட்டுக்காரர் விடியற்காலையில் தக்காளி லோடோடு மண்டிக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார், அதனால் நான்தான் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறேன். தினமும் ஒரு மணி நேரம், தினமும் அழுகையில்தான் முடிகிறது. நேற்றுக் கை நீட்டிவிட்டேன். அவன் தூங்கின பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இவனுக்கு ஏதாவது குறை இருக்குமா? சின்னவளுக்கு இரண்டரை வயது, அவளுக்கு இந்தக் கஷ்டம் வரக்கூடாது என்றால் இப்போதே எழுத்து ஆரம்பித்துவிடலாமா? தயவுசெய்து தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பென்னாகரம் டீச்சர் எழுதியது:

அம்மா, நான் பென்னாகரம் ஒன்றியத்தில் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள், 19 வருடமாக. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தவுடனே உங்கள் மகன் எங்கே நிற்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது, ஏனென்றால் ஒவ்வொரு ஜூனிலும் இப்படி நான்கைந்து பேர் என் வகுப்பில் வந்து உட்காருவார்கள்.

நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள், கவனித்தீர்களா? ப, ட, 'இம்'. ம் என்ற எழுத்தை நாம் எல்லோரும் இம் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம், இக், இங், இச் என்று. ஒப்பிக்க அது வசதி. ஆனால் குழந்தை அதை அப்படியே சேர்த்தால் 'படஇம்' என்று வருகிறது, அப்படி ஒரு சொல்லை அவன் கேட்டதே இல்லை, அதனால் ப-வில் தொடங்குகிற, தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறான். அது சோம்பலோ திமிரோ இல்லை. புள்ளி வைத்த எழுத்தைத் தனியாகச் சொல்லவே சொல்லாதீர்கள், முன்னால் இருக்கிற எழுத்தோடு ஒட்டிச் சொல்லுங்கள்: டம், ரம், கல், பல், பால். ப-டம். ம-ரம். இரண்டே துண்டு. இதை மட்டும் ஒரு வாரம் செய்து பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. நோட்டு, பென்சில், சிலேட்டு எதுவும் வேண்டாம். நடந்து போகும்போது "நான் உடைச்சு சொல்றேன், நீ சேர்த்துச் சொல்லு" என்று சொல்லி, பு...ளி என்று நிறுத்திச் சொல்லுங்கள். கோ...ழி. த...க்கா...ளி. காதால் சேர்க்க வருகிறதா என்று பாருங்கள். காதுக்கே சேர்க்க வராதபோது கண் எப்படிச் சேர்க்கும்? அது வரவில்லை என்றால் எழுத்தை எடுத்து வைத்துவிட்டு இந்த விளையாட்டையே விளையாடுங்கள். வந்த பிறகு திருப்பிப் போடுங்கள், நீங்கள் 'புளி' என்று சொல்ல அவன் உடைக்க வேண்டும், கை தட்டித் தட்டி.

அடுத்தது, 247 எழுத்தும் முடிந்த பிறகுதான் சொல் என்கிற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒப்பிக்கிற வரிசை ஒரு பாட்டு மாதிரிதான். நடுவிலிருந்து ஒரு எழுத்தை எடுத்துக் காட்டினால் க-விலிருந்து மறுபடி பாடி வந்துதான் பல குழந்தைகள் அதைச் சொல்லும். ப, ட, ம, ர, க, ல. இந்த ஆறும், இவற்றில் மூன்று நான்குக்குப் புள்ளியும் போதும், எத்தனை சொல் வருகிறது பாருங்கள்: படம், மரம், பல், கல், கடல், மடல், பகல், பட்டம், கட்டம், கலகல, படபட. இவற்றை அவன் தடுமாறாமல் படித்த பிறகு துணைக்கால் ஒன்றைச் சேருங்கள்: பால், கால், மாடம், காகம், பாட்டம். அப்புறம் ி. ஒரு குறி கையில் வந்த பிறகுதான் அடுத்த குறி.

கொய்யாவில் நின்றான் என்றீர்களே, அது நம் எழுத்தில் இருக்கிற உண்மையான கஷ்டம். கெ, கே, கை எல்லாவற்றிலும் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் வாயில் க்-தான் முதலில் வருகிறது. கொ, கோ-வில் க-வுக்கு இரண்டு பக்கமும் குறி. இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு அதையே மீறுகிற எழுத்தைக் காட்டினால் அவன் குழம்பத்தான் செய்வான். அதைத் துண்டு துண்டாக விளக்காமல், கொ முழுவதையும் ஒரே படமாக ஒரு அட்டையில் எழுதிக் காட்டுங்கள். இதெல்லாம் கடைசியில் வரட்டும்.

உ, ஊ வரிசையும் அப்படித்தான், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு உருவம். ஆனால் கு டு மு ரு ழு ளு ஒரு கூட்டம், சு பு யு வு ஒரு கூட்டம், து நு ணு லு று னு இன்னொரு கூட்டம். அகர வரிசையில் சொல்லித் தராமல் இந்தக் கூட்டமாகக் காட்டுங்கள், பாதி சுமை குறையும்.

ஒரு விஷயம் விட்டுவிட்டேன். க ஒன்றே கல்லில் ஒரு மாதிரி, பகலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி ஒலிக்கும். அவன் பகலை அழுத்தி வாசித்தால் தப்பு என்று வெட்டாதீர்கள். "ராத்திரிக்கு எதிர் என்ன?" என்று கேளுங்கள், அவனே திருத்திக்கொள்வான். அர்த்தம் தெரிந்த சொல்லாக இருந்தால் ஒலி தானாகச் சரியாகும், அதனால்தான் தெரியாத சொல்லை ஆரம்பத்தில் கொடுக்கக்கூடாது என்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பிட வேண்டாம். எங்கள் அரசுப் பள்ளிகளில் 2022-இல் இருந்து 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டம் நடக்கிறது, கொரோனாவில் பள்ளி மூடியிருந்த இடைவெளியைச் சரிசெய்யக் கொண்டுவந்தது, அதில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்து, அவரவர் நிலைக்கு ஏற்ற வேலையைத் தருகிறோம், பாட்டும் கதையும் அட்டையுமாக. அவளுக்குத் தினமும் தமிழில் அந்த நேரம் கிடைக்கிறது. உங்கள் மகனுக்கு ஒரே சமயத்தில் இரண்டு மொழி எழுத்து, அதில் தமிழுக்கு ஒரு பீரியடோ என்னவோ. தமிழில் ப என்ற எழுத்தின் பெயரே அதன் ஒலி. ஆங்கிலத்தில் பெயர் ஒன்று, ஒலி வேறு. இரண்டும் கலந்து குழம்புகிற குழந்தைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

குறை என்று இப்போது முடிவு கட்ட வேண்டாம். 6, 7 வயதில் எழுத்தை மாற்றி எழுதுவதும் திக்கித் திக்கிப் படிப்பதும் சாதாரணம்தான். ஆனால் கண்ணையும் காதையும் ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறானா, கூப்பிட்டால் உடனே திரும்புகிறானா என்று கவனியுங்கள். எட்டு வயதிலும், இப்படிப் பொறுமையாகச் சொல்லித் தந்த பிறகும் நகரவே இல்லை என்றால் அப்போது அதற்கான நிபுணரிடம் போகலாம்.

ஒரு மணி நேரம் ரொம்ப அதிகம் அம்மா. 15 நிமிடம், அவன் இன்னும் கொஞ்சம் என்று கேட்கும்போதே நிறுத்துங்கள். அடித்ததைப் பற்றி அவனிடமே பேசிவிடுங்கள். "அம்மா அடிச்சது தப்பு, உன்மேல தப்பு இல்ல" என்று சொன்னால் அவனுக்கு அது புரியும்.


ராயக்கோட்டை ரோடு எழுதியது:

டீச்சர் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் எழுதுவதை இப்படி ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளியில் மணலில் விரல் தேயத் தேய எழுதித்தான் நாங்கள் படித்தோம், இன்றைக்கும் ஒரு எழுத்து மறக்கவில்லை. தினமும் இரண்டு பக்கம் எழுத வைத்தால் தானாக வரும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும், போன் விஷயத்தில் கவனமாக இருங்கள். என் மகள் போனில் எழுத்துப் பாட்டு வீடியோ பார்த்தே எல்லா எழுத்தும் கற்றுக்கொண்டாள் என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு நாள் சத்தத்தை நிறுத்திவிட்டு, திரையில் இருக்கிற எழுத்தைக் காட்டி இது என்ன என்றேன், விழித்தாள். பாட்டுதான் தெரிந்திருக்கிறது, எழுத்து தெரியவில்லை. அன்றைக்கே போனை வாங்கி வைத்துவிட்டேன்.


தேன்கனிக்கோட்டை எழுதியது:

அக்கா, எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு, பக்கத்துத் தெருவில் எல்லாம் கன்னடம், பள்ளியில் தமிழ். இந்தப் பக்கம் ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி வரைக்கும் இப்படித்தான். என் பெண் ஒன்றாம் வகுப்பில் மரம் படம் போட்டு 'மரம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து "செட்டு" என்று படித்தாள். வகுப்பே சிரித்தது என்று அழுதுகொண்டு வந்தாள். அவள் செய்ததில் என்ன தப்பு, தெலுங்கில் மரத்துக்குச் செட்டு என்றுதானே பெயர். படத்தைப் பார்த்துத் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அவள் பக்கத்தில் உட்காருகிற கன்னடக் குழந்தை "மர" என்று சொல்லிப் பாராட்டு வாங்கிவிட்டது, ஏனென்றால் கன்னடத்தில் அது மர-தான்.

எனக்கு அன்றைக்குப் புரிந்தது, எழுத்து மட்டும் தெரிந்தால் போதாது, அந்தச் சொல் அவள் வாயில் ஏற்கெனவே இருக்க வேண்டும். அதனால் நான் தலைகீழாகச் செய்தேன். முதலில் தமிழ்ச் சொல்லைப் பேச்சில் கொண்டுவந்தேன், சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, செட்டு-மரம், மேக-ஆடு, எலுக-எலி என்று ஜோடி ஜோடியாக. எலுக, எலி, கன்னடத்தில் இலி. மூன்றும் எவ்வளவு பக்கம் என்று அவளே கண்டுபிடித்துக் கத்தினாள், அன்றைக்கு முழுக்க அதே பேச்சு. தெலுங்கை வீட்டில் நிறுத்துங்கள் என்று ஒருவர் சொன்னார். நான் நிறுத்தவில்லை. கதையைத் தெலுங்கில் கேட்டுச் சிரிக்கிற குழந்தைதான் அதையே தமிழில் கேட்கவும் பொறுமையாக உட்காருகிறது. ஸ்டோரிவீவர் என்று ஒரு தளம் இருக்கிறது, பிரதம் புக்ஸ் நடத்துவது, இலவசம். ஒரே படக்கதை தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் கிடைக்கும், நிலை ஒன்று, இரண்டு என்று பிரித்தும் வைத்திருக்கிறார்கள். போனைக் குழந்தை கையில் கொடுக்காமல் நான் பிடித்துக்கொண்டு விரல் வைத்துப் படித்துக் காட்டுவேன்.

உங்கள் வீட்டில் தமிழ்தான் என்றாலும் புத்தகத் தமிழ் வேறுதானே அக்கா. நாம் "குரங்கு மரத்துல ஏறுச்சு" என்போம், புத்தகத்தில் "ஏறியது" என்று இருக்கும். அந்த 'ஏறியது'வைக் காதால் பத்து முறை கேட்காத குழந்தை அதை எப்படிப் படிக்கும்? தினமும் ஒரு கதையாவது நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவன் படிக்க வேண்டாம், கேட்டால் போதும்.


கிருஷ்ணகிரி தாத்தா எழுதியது:

அம்மா, எனக்கு 71 வயது. பேரனுக்கு நான்தான் எழுத்துச் சொல்லித் தருகிறேன். நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன், உங்கள் வீட்டுப் பெரியவர்களும் செய்துகொண்டிருக்கக்கூடும்.

நான் லை, னை, ணை, ளை எல்லாம் பழைய முறையில்தான் எழுதுவேன், யானைத் துதிக்கை மாதிரி மேலே சுழித்து. னா, றா, ணா-வும் கீழே சுழித்துத்தான். கை அப்படியே பழகிவிட்டது. 1978-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது இப்படி 13 எழுத்துகளை மற்ற எழுத்துகளைப் போலவே கொம்பும் காலும் போட்டு எழுதலாம் என்று மாற்றினார்கள். அப்போது என் படிப்பே முடிந்துவிட்டது. பேரன் நான் எழுதின 'யானை'யைப் பார்த்து இது என்ன எழுத்து தாத்தா என்றான், நான் இவனுக்கு எழுத்தே தெரியவில்லை என்று கோபப்பட்டேன். மருமகள்தான் புத்தகத்தைக் காட்டிப் புரிய வைத்தாள். இப்போது புத்தகத்தில் இருப்பது போலவே எழுதப் பழகிக்கொண்டேன்.

இன்னொன்று. நமக்குக் கொஞ்சம் மாந்தோப்பு உண்டு. சீசனில் கூடைக்கூடையாகப் பிரித்து வைக்கும்போது சாக்பீஸால் அட்டையில் பெயர் எழுதி வைப்பேன். நீலம், செந்தூரா, பெங்களூரா, பங்கனப்பள்ளி. பேரனுக்கு முதலில் படிக்க வந்த சொல் 'நீலம்'. பழத்தை ஏற்கெனவே தெரியும், வாசனை தெரியும், எழுத்தும் மூன்றுதான். பிறகு "நீலம் எந்தக் கூடை, பாத்து எடுத்துட்டு வா" என்று வேலை சொல்வேன். சரியான கூடைக்குப் போய் நின்றால் அன்றைக்கு அவனுக்கு இரண்டு பழம் அதிகம். பங்கனப்பள்ளி படிக்க அவனுக்கு அடுத்த சீசன் ஆயிற்று.


பென்னாகரம் டீச்சர் எழுதியது:

ராயக்கோட்டை அண்ணா, உங்கள் மகளின் பாட்டு விஷயமும் இந்தத் தம்பி ஒப்பிக்கிற விஷயமும் ஒன்றேதான் என்று நினைக்கிறேன். எழுதுவதை நான் ஒதுக்கவில்லை. அன்றைக்குப் படித்த நான்கு சொல்லை மட்டும் எழுதட்டும், தானே வாய்விட்டு உடைத்துச் சொல்லிக்கொண்டே எழுதட்டும், அது படிப்புக்கு உதவும். 'க' மட்டும் இரண்டு பக்கம் எழுதினால் பாதியில் கைதான் எழுதுகிறது, மனம் வெளியே போய்விடுகிறது. மணலில் எழுதினதை நானும் விரும்புகிறேன், தப்பானால் தடவி அழித்துவிடலாம், சிவப்பு மை கிடையாது.

சின்னவளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்குப் பதில் சொல்லவே இல்லை. இரண்டரை வயதுக்கு எழுத்து வேண்டாம். பாட்டு, விடுகதை, மடியில் வைத்துப் படப் புத்தகம், இவ்வளவுதான். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவளாகக் கதை சொன்னால் திருத்தாதீர்கள். அங்கன்வாடிக்கு அனுப்பினால் நாலு குழந்தைகளோடு பேச்சும் வளரும். பெரியவனுக்குப் புத்தகம் வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பள்ளியில் கேட்டுப் பாருங்கள், அரசுப் பள்ளிகளுக்கான 'வாசிப்பு இயக்கம்' என்ற திட்டத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைக்குச் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. நுழையில் ஒரு பக்கத்துக்கு ஓரிரு வரிதான். தருமபுரி மாவட்ட மைய நூலகத்திலும் குழந்தைகள் புத்தகம் இருக்கும், உறுப்பினராகிவிட்டால் வீட்டுக்கு எடுத்து வரலாம்.


பாலக்கோடு அம்மா எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு மாதம் ஆகிவிட்டது, அதனால்தான் வந்து எழுதுகிறேன். கண், காது இரண்டும் பார்த்தாயிற்று, நன்றாக இருக்கிறது.

டீச்சர் சொன்ன மாதிரி முதல் பத்து நாள் நோட்டையே எடுக்கவில்லை. உடைத்துச் சொல்கிற விளையாட்டு மட்டும். எங்கள் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அவனைப் பற்றி "நல்லா ரெண்டு போடு, தானா படிப்பான்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்தான். புளி தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நாங்கள் விளையாடுவதைப் பார்த்து அவரும் சேர்ந்துகொண்டார். இப்போது அவர்தான் அதில் கெட்டிக்காரர், சு...ண்டை...க்காய், மு...ரு...ங்கை என்று வளைத்து வளைத்துப் போடுகிறார். எழுத்துத் தெரியாதவரும் இதைச் சொல்லித் தர முடியும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. தட்டின புளியங்கொட்டையை வைத்து அவன் ட, ப, ம அடுக்குவான். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுத்து எழுதி வெட்டி வைத்தேன்.

படம், மரம், கடல் இப்போது தடுமாறாமல் வருகிறது. துணைக்காலும் ி-யும் வந்துவிட்டது. ஒரு நாள் 'புளி'யையும் 'புலி'யையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, "ஆயா, இதுல ஒண்ணு உன்னைக் கடிக்கும், எதுன்னு சொல்லு" என்று கேட்டான், அவர் சரியாகத் தொட்டுவிட்டார். கொ, கோ இன்னும் குழப்பம்தான். சில நாள் 15 நிமிடம்கூட உட்கார மாட்டான், விட்டுவிடுகிறேன்.

போன வாரம் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தோம். பஸ்ஸின் நெற்றியைப் பார்த்து "த...ர்...ம...பு...ரி, தர்மபுரி" என்றான். நாங்கள் போகிற ஊர் என்று தெரிந்து ஊகித்திருப்பான் என்று நினைத்தேன். தர்மபுரியில் இறங்கி நடக்கும்போது ஒரு அரசு அலுவலகப் பலகையைப் பார்த்து நின்றுவிட்டான். "அம்மா, இங்க தப்பா எழுதியிருக்காங்க, த ரு ம பு ரின்னு இருக்கு." அப்போதுதான் அவன் உண்மையாகவே எழுத்தைப் பார்த்துப் படிக்கிறான் என்று தெரிந்தது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் எது சரி என்று கேட்டான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டீச்சர், என்ன சொல்வது?


பென்னாகரம் டீச்சர் எழுதியது:

இதைப் படித்து என் வகுப்புப் பிள்ளைகளிடமும் சொன்னேன் அம்மா. இரண்டும் ஒரே ஊர் என்று சொல்லுங்கள். தர்மம் என்பதைத் தமிழ் வாய்க்கு ஏற்றபடி தருமம் என்று சொல்வதுண்டு, அதே மாதிரிதான் தர்மபுரி, தருமபுரி. அரசுப் பலகைகளில் தருமபுரி என்று எழுதுகிறார்கள், பஸ்ஸிலும் கடைகளிலும் இரண்டும் பார்க்கலாம். அவன் படித்தது இரண்டுமே சரி, அதை அவனிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். அப்புறம் இரண்டையும் காலண்டர் தாளில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் கொடுத்து, எத்தனை எழுத்து என்று எண்ணச் சொல்லுங்கள். இரண்டிலும் 5 தான் வரும். எந்த ஒரு எழுத்து மட்டும் மாறியிருக்கிறது என்று அவனே விரல் வைத்துக் காட்டட்டும்.